புயல், வெள்ள எச்சரிக்கை வந்தால் குமரி மாவட்டத்தில் என்ன செய்ய வேண்டும்: முழுமையான வழிகாட்டி

புயலுக்குப் பெயர் வைக்கட்டும், டிவியில் சொல்லட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நம் மாவட்டத்தில் நேரம் கிடைக்காது. ஒகியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 29 காலையில் அது இலங்கைப் பக்கம் இருந்த வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30ஆம் தேதி காலையில் குமரிக்கடலில் புயல். ஒரே நாள்தான். பெயரோடு அறிவிப்பு ஊருக்குள் பரவுவதற்குள் ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாயத் தொடங்கிவிட்டன, கடலுக்குப் போகிறவர்கள் அதற்குள் புறப்பட்டுப் போயிருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் புயலின் மையம் நம் கரையைத் தொடவே இல்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலோடு கடலாகக் கடந்து லட்சத்தீவுப் பக்கம் போனது. அதற்கே அவ்வளவு சேதம். அதனால் 'கரையைக் கடக்க வாய்ப்பில்லை' என்ற வரியை வாசித்ததும் நிம்மதியாகப் போர்த்திப் படுத்துவிடாதீர்கள்.

இந்த வழிகாட்டியை மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை வாசித்து, உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் எல்லாம் தேவைப்படாது.

முதலில்: உங்கள் வீடு எந்தத் தண்ணீரின் வழியில் இருக்கிறது?

கடல், ஆறு, குளம், மலை நான்கும் இருக்கிற மாவட்டம் இது. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவது ஒரு வகையில் வானம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் கடலோர நீரோடிக்கு வரும் ஆபத்தும் மலைக் கிராமமான மோதிரமலைக்கு வரும் ஆபத்தும் ஒன்றல்ல.

கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. இதைத்தான் நாம் குழித்துறை ஆறு என்றும் தாமிரபரணி என்றும் சொல்கிறோம் (நெல்லைத் தாமிரபரணி வேறு, செய்தி வாசிக்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்). இந்த ஆற்றங்கரையில், அதிலும் குழித்துறைக்குக் கீழே வைக்கல்லூர், மங்காடு, பார்த்திபபுரம், முஞ்சிறை பக்கம் தாழ்வான இடத்தில் வீடு இருந்தால், உங்கள் ஊரில் மழை பெய்யாத நாளிலும் வெள்ளம் வரலாம். மேலே அணையில் ஷட்டர் தூக்கினால் போதும். குழித்துறை சப்பாத்துப் பாலம் (ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான பாலம்) மூழ்கிவிட்டது என்ற செய்தி வந்தால், அதை வேடிக்கைச் செய்தியாக எடுக்காமல் உங்களுக்கான முதல் மணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழையாறு வேறு ரகம். நாகர்கோவிலில் ஒழுகினசேரியைத் தொட்டு, சுசீந்திரம் தாண்டி, மணக்குடி பொழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. இதில் வெள்ளத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மலையடிவாரத்தில் பெய்யும் மழையும், வழியில் இருக்கும் குளங்களும்தான். ஒரு குளம் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம், அது நிரம்பினால் அதற்கும் அடுத்தது. மேல் குளத்தில் உடைப்பு விழுந்தால் கீழே உள்ளவற்றுக்குத் தாங்கும் சக்தி இருக்காது. பொழிமுகத்தில் மணல் மேடிட்டு அடைத்திருந்தாலோ கடல் சீற்றமாக இருந்தாலோ ஆற்றுத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் பின்னால் ஏறும். வயல்வெளியை நிரப்பிப் போட்ட மனைகளில் வீடு கட்டியவர்கள் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். புரோக்கரிடம் கேட்டால் பதில் வராது. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் "முன்னாடி இங்க ஏலாவா இருந்துதா, தண்ணி எதுவரைக்கும் வரும்?" என்று கேளுங்கள் (ஏலா என்றால் வயல்வெளி), சுவரில் கைவைத்துக் காட்டுவார்.

மலைப்பக்கம் ஆபத்து இரண்டு. ஒன்று, தரைப்பாலம் மூழ்கி ஊர் துண்டிக்கப்படுவது. குற்றியாறு தரைப்பாலம் மூழ்கினால் அதற்கு அப்பால் உள்ள மலைக் கிராமங்களுக்குப் பஸ்ஸும் கிடையாது, ஆம்புலன்ஸும் கிடையாது. இரண்டாவது, மண் சரிவு. இது மலையில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையிலேயே மண் சரிந்து ரயில்கள் நின்றன. மேட்டு விளையை (தோட்ட நிலத்தை) வெட்டிச் சமப்படுத்தி, செங்குத்தான செம்மண் திட்டை வீட்டுக்குப் பின்னால் அப்படியே விட்டிருக்கிறீர்கள் என்றால் அந்தக் கூட்டத்தில் நீங்களும் உண்டு.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கள்ளக்கடல் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன், அதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எச்சரிக்கையை எப்படி வாசிப்பது?

வானிலை மையம் நிறத்தில் சொல்லும். பச்சை என்றால் ஒன்றுமில்லை. மஞ்சள், கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு, தயாராகுங்கள். சிவப்பு, இப்போதே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். இதில் ஆற்றங்கரை, குளத்தங்கரை, மலையடிவாரக்காரர்கள் ஒரு நிறம் முன்னால் இருந்துகொள்வது நல்லது: ஆரஞ்சு வந்தால் அதைச் சிவப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியலாம். பரவாயில்லை.

மழையின் அளவும் முக்கியம். 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. சென்டிமீட்டர் என்றதும் சின்னதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 சென்ட் மனையில் 20 சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி மூன்றுக்கும் மேல், உங்கள் வீட்டு மனையில் மட்டும். சுற்றிலும் காம்பவுண்ட் கட்டி, முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் போட்டு, ஓடையையும் மூடிவிட்டால் அது எங்கே போகும்? 2023 டிசம்பர் 17–18 மழையில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அது நம் பக்கம் நகர்ந்து பெய்திருக்கவும் வாய்ப்பிருந்தது, தூரம் அவ்வளவுதான்.

புயலின் படிகள் இப்படி: காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம் (மணிக்கு 31 முதல் 49 கி.மீ. காற்று), ஆழ்ந்த தாழ்வு மண்டலம் (50 முதல் 61), புயல் (62 முதல் 88), தீவிரப் புயல் (89 முதல் 117), அதற்கு மேல் மிகத் தீவிரம். என் கருத்தில், இலங்கைக்குத் தெற்கிலோ குமரிக்கடலிலோ 'தாழ்வு மண்டலம்' என்ற சொல் வந்த உடனே இந்த மாவட்டத்தில் வேலை ஆரம்பித்துவிட வேண்டும். சென்னைக்கு வரும் புயல் வங்கக்கடலில் நாலைந்து நாள் ஊர்ந்து வரும், ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் வாசலில் உருவாகிறதற்கு அந்த அவகாசம் இல்லை.

துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று நாளிதழ்கள் பெரிதாகப் போடும். 1, 2 தூரத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். 3, 4 இந்தத் துறைமுகத்துக்கே வரலாம். 5 முதல் 10 வரை ஆபத்து, பேராபத்து. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. அது கப்பலுக்கும் படகுக்கும் உரியது. வீட்டில் இருப்பவர் கூண்டு எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

எங்கே பார்ப்பது? சென்னை மண்டல வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கை, டிஎன் அலர்ட் செயலி, மத்திய அரசின் சசேத் செயலி, இடிமின்னலுக்கு தாமினி. இதோடு திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு என்ன நிறம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். களியக்காவிளையில் செக்போஸ்ட் இருப்பது மேகத்துக்குத் தெரியாது. அங்கே சிவப்பு, இங்கே மஞ்சள் என்றிருந்தால் விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்காரர்கள் அந்தச் சிவப்பைத்தான் நம்ப வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'பேச்சிப்பாறை டேம் உடையப் போகுதாம், எல்லாரும் ஓடுங்க' என்று யாரோ மூச்சிரைக்கப் பேசியிருப்பார். அணையைத் திறப்பது வேறு, உடைவது வேறு. சந்தேகம் வந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மொபைலில் இருந்து என்றால் 04652 சேர்த்து. மாநில எண் 1070. கேட்டுவிட்டு அப்புறம் ஃபார்வர்ட் செய்யுங்கள்.

அணைச் செய்தியில் எதைப் பார்க்க வேண்டும்?

பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் தலா 18 அடி. இவை முழுக் கொள்ளளவு. தினமும் நாளிதழில் நீர்மட்டம் வரும், ஆனால் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடிக்காதீர்கள். நீர்வரத்து விநாடிக்கு எத்தனை கன அடி, உபரியாக எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற இரண்டு எண்களும்தான் விஷயம். அணை முக்கால்வாசி நிரம்பி, உள்ளே வருவது திடீரென்று பல மடங்காகி, மலையில் மழையும் விடவில்லை என்றால், இன்று இரவோ நாளைக் காலையோ திறந்தாக வேண்டும். அறிவிப்பு வருவதற்கு முன்பே இது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பேச்சிப்பாறையிலும் சிற்றாற்றிலும் திறந்தால் அது கோதையாற்றில், திற்பரப்பு வழியாக வரும். பெருஞ்சாணியில் திறந்தால் பரளியாற்றில், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில் ஓடி வரும். இரண்டும் ஒரே நேரத்தில் மூவாற்றுமுகத்தில் சந்தித்தால்தான் குழித்துறைக்காரர்களுக்குத் தலைவலி. அத்தோடு கடலும் சீற்றமாக இருந்தால் தேங்காய்பட்டணத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகுங்கள்.

திற்பரப்பில் குளிக்கத் தடை என்றால் தடைதான். வெளியூர் விருந்தாளிகளுக்காக 'ஓரமா நின்னு பார்த்துட்டு வந்துரலாம்' என்று கூட்டிப் போகாதீர்கள்.

மழைக்காலத்துக்கு முன்பே முடிக்க வேண்டியவை

வீட்டைச் சுற்றி மரம். இதில்தான் நம் ஊரில் நிறைய உயிர் போகிறது. ரப்பர் மரம் காற்றில் சட்டென்று முறியும், தென்னை வேரோடு வரும், பலாவும் மாவும் கிளையை வீசும். கூரைக்கு மேல் நீளும் கிளைகளை மே மாதத்துக்குள் இறக்கிவிடுங்கள். மின்கம்பியைத் தொடும் கிளை என்றால் நீங்கள் ஏறாதீர்கள், ஆள் வைத்தும் ஏற்றாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

கூரையில் ஷீட் போட்டிருந்தால் அதன் போல்ட்டுகளைத் தட்டிப் பாருங்கள். மாடியில் துணி காயப்போடப் போட்ட தகர ஷெட் பலரது வீட்டில் வெறும் நாலு கம்பியில் நிற்கிறது, காற்றில் அது பக்கத்து வீட்டுக்காரர் தலைக்குத்தான் போகும். மாடியில் உள்ள காலி சின்டெக்ஸ் டேங்கும் அப்படியே. புயல் வருகிறதென்றால் அதை நிரப்பி வையுங்கள், பறக்காது, தண்ணீரும் ஆயிற்று.

ஓடையும் சானலும். உங்கள் வீட்டு வாசலில் செல்லும் சானலில் குப்பையும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தால் பஞ்சாயத்துக்கோ மாநகராட்சிக்கோ ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுங்கள். அக்டோபரில் கொடுக்கும் மனு ஜனவரியில்தான் நகரும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

கிணற்றுக்குக் கப்பி இருக்கிறதா? மோட்டார் போட்டதும் கப்பியைக் கழற்றி எறிந்த வீடுகள்தான் அதிகம். ஒகிக்குப் பிறகு பல ஊர்களில் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. காலுக்குக் கீழே கிணற்றில் தண்ணீர் கிடக்க, அதை எடுக்க வாளியும் கயிறும் இல்லாமல் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்பது போல ஒரு கொடுமை இல்லை. ஒரு கப்பி, கிணற்றின் ஆழத்துக்கு ஏற்ற நைலான் கயிறு, ஒரு வாளி. மொத்தச் செலவு பெரிதில்லை.

ஆவணங்கள்: ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், இன்சூரன்ஸ். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அசலை ஜிப் உள்ள பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரே பையில் வையுங்கள். நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஒரு ஆளாவது இல்லாத குடும்பம் குறைவு, அனுப்ப ஆளுக்குப் பஞ்சமில்லை.

போக வேண்டிய இடத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மேட்டில் இருக்கும் சித்தி வீடா, பள்ளிக்கூடமா, ஆலய மண்டபமா, புயல் பாதுகாப்பு மையமா? எந்த வழியாகப் போவது? அந்த வழியில் தரைப்பாலம் இருக்கிறதா? இருந்தால் வேறு வழி பாருங்கள்.

எச்சரிக்கை வந்த நாள்

முதலில் போன், பவர் பேங்க், எமர்ஜென்சி விளக்கு எல்லாவற்றையும் சார்ஜில் போடுங்கள். செல்போன் டவருக்கும் பேட்டரிதான். கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் டவரும் படுத்துவிடும். அதனால் யார் எங்கே இருப்பார்கள் என்பதைச் சிக்னல் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் அதைத் தேடி எடுங்கள், இன்று கேலியாகத் தெரிவது நாளை ஊருக்கே உதவும்.

கையில் பணம் வையுங்கள், சில்லறையாக. கரண்ட் இல்லாவிட்டால் ஏடிஎம்மும் இல்லை, ஜிபேயும் இல்லை, ஜெனரேட்டர் இல்லாத பெட்ரோல் பங்கும் இல்லை. பைக்கில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். மூன்று நாளைக்கான குடிதண்ணீர், அவல், பிஸ்கட், பழம், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. பெரியவர்களின் பிரஷர், சுகர் மாத்திரை இரண்டு வாரத்துக்கு. இன்சுலின் போடுகிறவர் இருந்தால் பிரிட்ஜ் ஓடாது என்பதைக் கணக்கில் எடுத்து, மண்பானைத் தண்ணீருக்குள் நனையாமல் வைக்கும் ஏற்பாட்டை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக் கிராமங்களில் நிறைமாதக் கர்ப்பிணிகளும், டயாலிசிஸ் போகிறவர்களும் ஆரஞ்சு எச்சரிக்கையிலேயே கீழே இறங்கி உறவினர் வீட்டிலோ ஆஸ்பத்திரி பக்கத்திலோ தங்கிவிடுவது நல்லது. பாலம் மூழ்கிய பிறகு தொட்டில் கட்டித் தூக்கி வரும் நிலை வேண்டாம்.

மாடு, ஆடுகளைத் தொழுவத்தில் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். கூட்டிப்போக முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், அவை மேடு தேடிப் போய்விடும். வாழைத் தோட்டக்காரர்கள், குலை தள்ளிய வாழைகளுக்கு முட்டுக் கொடுக்க ஒரு நாள் இருந்தால் கொடுங்கள், ஆனால் காற்று தொடங்கிய பிறகு தோட்டத்துக்குள் நிற்காதீர்கள். ரப்பர் பால் வெட்டுக்கு அன்று லீவு.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

வள்ளத்திலும் பைபர் படகிலும் போய் அன்றே திரும்புகிறவர்கள் கரையின் அறிவிப்பைக் கேட்டு நின்றுவிட முடியும். சின்னத்துறை, தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை பக்கத்தில் இருந்து விசைப்படகில் வாரக்கணக்கில் தங்கல் போகிறவர்களின் நிலை வேறு. ஒகியில் அவர்கள் பலர் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். விஎச்எப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலைத் திறந்தே வையுங்கள், அரசு கொடுத்த டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் கருவி) வேலை செய்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள், லைப் ஜாக்கெட்டைப் படகின் அடியில் மூட்டையாகக் கட்டி வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஊர் திரும்ப வேண்டும் என்று புயலுக்குள் ஓடி வராதீர்கள். லட்சத்தீவோ கர்நாடகமோ மகாராஷ்டிரமோ, எது பக்கமோ அங்கே ஏறுங்கள். ஒகியில் பல படகுகள் அப்படித்தான் பிழைத்தன.

வீட்டில் இருப்பவர்கள் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை: படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறைமுகத்தில் இருந்து எந்தத் தேதியில் புறப்பட்டது, படகில் உள்ள ஒவ்வொருவரின் பெயர், ஊர், கூடவே போன மற்ற படகுகளின் பெயர். ஒகிக்குப் பிறகு எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்பதிலேயே நாள்கணக்கில் குழப்பம் நீடித்தது. வெளி மாநிலத் தொழிலாளர் இருந்தால் அவர்களின் வீட்டு எண்ணையும் வாங்கி வையுங்கள், அவர்களைத் தேட இங்கே ஆள் இருக்காது. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

அப்புறம் கள்ளக்கடல். இதற்கு நம் ஊரில் காற்றும் வேண்டாம், மழையும் வேண்டாம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலில் எழுந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, வெயில் காயும் நாளில் வந்து கரையில் ஏறும். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தரும், ஆனால் வானம் தெளிவாக இருப்பதால் யாரும் நம்புவதில்லை. 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை நாளில்தான். கள்ளக்கடல் என்ற சொல்லைக் கேட்டால் கடலில் காலை நனைப்பதும் வேண்டாம். படகுகளை ஒன்றோடொன்று மோதாத இடைவெளியில் கட்டுங்கள், கரையில் இருப்பதை இன்னும் மேலே இழுத்துப் போடுங்கள்.

காற்று அடிக்கும்போது

உள்ளே இருங்கள். ஜன்னலை விட்டுத் தள்ளி, காங்கிரீட் கூரை உள்ள அறையில். ஓட்டு வீடு, ஷீட் வீடு என்றால் காற்று தொடங்கும் முன்பே பக்கத்துக் காங்கிரீட் வீட்டுக்குப் போய்விடுங்கள், அந்த நேரத்தில் பழைய வரப்புச் சண்டையை நினைக்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணையுங்கள், கேஸ் சிலிண்டரை மூடுங்கள். நடுவில் காற்று கொஞ்சம் அடங்கும், உடனே ஏணியை எடுத்து ஓடு சரிசெய்ய ஏறாதீர்கள். ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக்குள்ளோ மூடிய கார் ஷெட்டிலோ ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொன்றுவிடும்.

தண்ணீர் ஏறும்போது

கிளம்புவதற்கு ஒரு அடையாளத்தை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஆற்றுப் படித்துறையின் மூன்றாவது படி மூழ்கினால்', 'தோட்டத்துப் பம்ப்செட் மேடையைத் தொட்டால்' என்று கண்ணில் படுகிற ஒன்று. வாசலில் தண்ணீர் வந்த பிறகு யோசித்தால் டிவியைத் தூக்கவா, அரிசியைத் தூக்கவா என்றே நேரம் போய்விடும். இரவில் ஏறும் என்று தோன்றினால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். கிணற்று மோட்டாரைக் கழற்ற முடிந்தால் கழற்றி மேலே வையுங்கள்.

குளத்தங்கரையில் இருப்பவர்கள் கரையின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். தெளிவாகக் கசியும் தண்ணீர் பல குளங்களில் வழக்கமானது. கலங்கலாக, மண்ணோடு வர ஆரம்பித்தால் கரையின் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். மணல் மூட்டை போட ஆள் சேர்ப்பது அப்புறம். முதலில் கீழே உள்ள வீடுகளைக் காலி செய்யச் சொல்லுங்கள், 1077க்கும் 101க்கும் அழையுங்கள்.

மண் சரிவுக்கும் அறிகுறி உண்டு. திட்டின் மேல் புதிய வெடிப்பு, திடீரென்று ஊறி வரும் கலங்கல் நீர், சாய்ந்து நிற்கத் தொடங்கும் மரம் அல்லது கம்பம், சும்மா திறக்கும் கதவு இறுகிப்போவது. இதில் ஒன்றைக் கண்டாலும் அந்த இரவு அங்கே தூங்காதீர்கள்.

ஓடும் தண்ணீரில் இறங்க வேண்டாம். அரை அடி வேகமான தண்ணீர் ஆளைச் சாய்க்கும், ஒரு அடி சின்னக் காரை நகர்த்தும், இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகள் மிதந்து போய்விடும். தரைப்பாலத்தில் பிரச்சினை ஆழம் மட்டுமல்ல, அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பதே தெரியாது. பஸ் டிரைவர் போகிறார் என்று பின்னாலேயே பைக்கை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம்தான் வரும். நனைந்து ஊறிய காம்பவுண்ட் சுவருக்கு ஒட்டியும் நடக்காதீர்கள்.

அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் தொடுவது இருக்கட்டும், அது கிடக்கும் தண்ணீரிலேயே கால் வைக்காதீர்கள். வேறு யாரும் வராமல் ஒருவரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு மின்னகத்துக்குச் சொல்லுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு

வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். விறகு அடுக்கு, ஷூ, வாஷிங் மெஷினின் அடி, எல்லாம் பாம்புக்கு நல்ல இடம். கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108இல் அரசு ஆஸ்பத்திரிக்கு, ஆசாரிப்பள்ளம் பக்கம் என்றால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள். வயரிங் காய்ந்து, எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே மெயினைப் போடுங்கள்.

அடுத்து கிணறு. வெள்ளம் ஏறிய கிணற்றில் பக்கத்துச் செப்டிக் டேங்கும் கலந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இறைத்துவிட்டு, புதிதாக ஊறிய நீரில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். அளவு இப்படி: கிணற்றின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கினால் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 12,500 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 5 கிராம். ஆக இந்தக் கிணற்றுக்கு 60 கிராமுக்குச் சற்று மேல். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி வரை நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது வசதி. குடிக்கும் தண்ணீரை அதன் பிறகும் நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

சேற்றைச் சுத்தம் செய்யும்போது முழங்கால் வரை பூட்ஸ், கையுறை போடுங்கள். காலில் புண் இருக்கிறவர் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில் இருந்துதான் வருகிறது. வெள்ளத்தில் இறங்கி ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் 'வெள்ளத்தில் நின்றேன்' என்று சொல்லுங்கள். முன்தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்களா என்றும் அங்கேயே கேளுங்கள்.

நிவாரணம் கேட்க

சுத்தம் செய்யும் முன் போட்டோ. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி, இடிந்த பகுதி, நனைந்த சாமான், செத்த கால்நடை, முறிந்த ரப்பர், சாய்ந்த வாழை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி எடுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் மனு, ஒரு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பட்டியலில் ஏறாமல் போக நிறைய வாய்ப்பு. பயிருக்கு வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையிலும், படகு, வலைக்கு மீன்வளத் துறையிலும் தனியாகக் கொடுக்க வேண்டும். பயிர்க் காப்பீடு இருந்தால் நிறுவனத்துக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள், வண்டிக் காப்பீடு இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். காருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் இழுத்துக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள், எஞ்சினுக்குள் நீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கிளெய்ம் சிக்கலாகும். ரேஷன் கார்டு, பட்டா போன்றவை நனைந்து போயிருந்தால், வெள்ளத்துக்குப் பின் சிறப்பு முகாம் நடத்துகிறார்களா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரித்து அங்கேயே நகலுக்கு விண்ணப்பியுங்கள். போனில் இருக்கும் போட்டோவைக் காட்டினால் எண்களைத் தேடும் வேலை மிச்சம்.